மேலகரம் காலேஜுக்கு எத்தனை மார்க்கு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் அரசாங்க அதிகாரிகள் எல்லோரும் வேலையாகத்தான் வருவார்கள். அறுபத்தோராம் வருஷம் ஆனி மாதம் சென்னையிலிருந்து வந்த தணிகாசலமும் வேலையாகத்தான் வந்தார். ஒரே வித்தியாசம், அவர் வேலையும் பார்த்தார்.

அவருடைய வேலை ஜனதா கல்லூரிகளை அளப்பது. கட்டிடத்தை அல்ல, பலனை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்கு எழுத்து, கணக்கு, தையல், கோழி வளர்ப்பு எல்லாம் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அந்தப் பக்கத்தில் மூன்று கல்லூரிகளை நடத்திவந்தது. ஒன்று மேலகரத்தில், ஒன்று வீரகேரளம்புதூரில், ஒன்று புளியறையில். மேலகரத்தில் உள்ளது பெண்களுக்கு. ஒரு ஓட்டுக் கட்டிடம், ஒரு கரும்பலகை, ஒரு தையல் மெஷின். பேத்தி எடுத்தவளும் மத்தியானம் சோறுண்டு கை கழுவியதும், "காலேஜுக்கு நேரமாயிட்டு" என்று புறப்பட்டுவிடுவாள். ஊரில் யாரும் சிரிப்பதில்லை. முதல் வருஷம் சிரித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

மூன்றில் ஒன்றை மூடுவதென்று சென்னையில் முடிவாகியிருந்தது. எதை மூடுவது என்பதற்குத்தான் தணிகாசலம் வந்திருந்தார்.

மேலகரத்து டீச்சர் ஞானபாக்கியத்துக்கு இந்தச் செய்தி இரண்டு மாசம் முந்தியே தெரியும். அவள் நாசரேத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து, அண்ணன் வீட்டு அடுக்களையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, இந்த வேலை கிடைத்து மேலகரம் வந்தவள். வாடகை வீடுதான். ஆனால் அவள் நினைத்த நேரத்தில் அடுப்பு எரியும், வேண்டாமென்றால் அணையும்.

விஷயத்தை முதலில் கேட்டது வகுப்பில் படிக்கிற முத்துவடிவு. "மூடிட்டா நீங்க எங்கன போவிய டீச்சர்?"

"நாசரேத்துக்குத்தான். அண்ணன் வீட்டுக்கு."

"அண்ணன் நல்லவருதான?"

"அண்ணன் நல்லவருதான். நான் வாரேன்னு மதினி சமையக்காரிய நிப்பாட்டிட்டாளாம்."

"இப்பமேவா?"

"போன மாசமே."

முத்துவடிவு வாயில் கையை வைத்துக்கொண்டாள். விஷயம் அன்றைக்கே வகுப்பு முழுக்கப் பரவியது. டீச்சரைப் போகவிடக் கூடாது என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே மனசு.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஞானபாக்கியம் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "நாளைக்கு சார் ஒவ்வொருத்தர்ட்டயும், இங்க படிச்சு உனக்கு என்ன முன்னேற்றம்னு கேப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதுக்குத்தான் மார்க்கு."

"சரி டீச்சர்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். எதற்கும் ஒரே குரலில் பதில் சொல்லாத வகுப்பு அது. அப்போதே அவள் யோசித்திருக்கலாம்.

மறுநாள் தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார். குடையை மடக்கினார், நாற்காலியில் உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார். ஒரு ஆளுக்குப் பத்து மார்க். எல்லோருடையதையும் கூட்டிச் சராசரி எடுப்பது அவருடைய முறை. புளியறைக்கு ஐந்தரை வந்திருந்தது. வீரகேரளம்புதூருக்கு நாலு.

முதலில் எழுந்தவள் குருவம்மாள். அவள் புருஷன் பெரிய அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்.

"சொல்லும்மா. இங்கே படித்த பிறகு உன் வாழ்க்கையில் என்ன முன்னேற்றம்?"

"ஒண்ணுமில்லய்யா."

"ஒன்றுமே இல்லையா?"

"என்னத்த இருக்கு. ஏதோ கஞ்சி குடிச்சிக் கெடக்கோம்."

தணிகாசலம் சுழியம் போட்டார். அடுத்து முத்துவடிவு.

"கோழி வளர்ப்புப் பயிற்சி எடுத்திருக்கிறாய். கோழி வளர்க்கிறாயா?"

"நாய் நரிக்குப் போக எங்க சார் மிஞ்சுது? எல்லாம் போச்சு."

"படிப்பு?"

"அதுவும் போச்சு."

மூன்றாவது ஹைருன் பீவி. தையல் படித்தவள். தையலால் வந்த பயன் என்னவென்று கேட்டதற்கு, "கண்ணு வலிக்கி சார்" என்றாள்.

ஞானபாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்தச் சீமைக்காரிதான், அவளுக்கு இது தெரியாததில்லை. கொழுகொழுவென்று பிறந்த பிள்ளையை நோஞ்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். களம் நிறைய நெல் கிடந்தாலும், இந்த வருஷம் ஒண்ணும் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். இருப்பதை வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் அரசாங்கத்தின் கண்ணுக்கும் பயப்படுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. அவர்களோ, பக்கத்து வீட்டுக் கண்ணுக்கே இந்தப் பாடென்றால் மெட்ராஸிலிருந்து ஜீப்பில் வந்த கண்ணுக்கு என்ன பாடு என்று நினைத்திருந்தார்கள்.

வரிசையாகச் சுழியம் விழுந்துகொண்டு போனது. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஆவுடைத்தாய் எழுந்தாள். மூன்று வருஷமாக ஒருநாள் தவறாமல் வந்தும் ஒரு எழுத்துகூடப் படியாதவள் அவள். ஊசியில் நூல் கோக்க வராது, கோழி வாங்கினால் பறந்துவிடும். கண் படுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லாததால் பயமும் இல்லை.

"நான் ரொம்ப முன்னேறிட்டேன் சார்."

தணிகாசலம் நிமிர்ந்தார். "எப்படி?"

"எல்லாத்துலயும். நல்லாப் படிப்பேன், நல்லாக் கணக்குப் போடுவேன். எங்க வீட்டுக்காரரே, ஏட்டி நீயா இதுன்னு கேக்காரு."

"எங்கே, இதைப் படி."

முதல் பாடத்தைக் கொடுத்தார். ஆவுடைத்தாய் கணீரென்று படித்தாள். நாலு வரி ஆனதும் அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆவுடைத்தாய் நிறுத்தவில்லை. முதல் பக்கத்தின் ஐந்தாம் வரியிலிருந்து அதே கணீரோடு தொடர்ந்தாள். வெளியே மழை சத்தம் போட்டதால் தணிகாசலம் குரலைத்தான் கவனித்தார். பத்துக்குப் பத்து போட்டார்.

மொத்த வகுப்பும் முடிந்ததும் கூட்டிப் பார்த்தார். சராசரி அரை மார்க் வந்தது.

"வருத்தமாக இருக்கிறது டீச்சர். உங்கள் கல்லூரியில் படித்தால் ஒருவருக்குத்தான் பலன் இருக்கிறது. அந்த அம்மாள் கெட்டிக்காரி" என்றார்.

அப்போது முத்துவடிவு பக்கத்திலிருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னது ஞானபாக்கியத்தின் காதில் விழுந்தது. "கஞ்சியாம்லா கஞ்சி. குருவம்மா வீட்டுல கஞ்சியைக் கண்ணால பாத்து வருசமாச்சி."

ஞானபாக்கியம் சுவரை விட்டாள்.

"சார், ஒரு விண்ணப்பம். அவங்கவங்களைப் பத்தி அவங்கவங்ககிட்ட கேக்காதீங்க. பக்கத்துல இருக்கவளைப் பத்திக் கேளுங்க."

"விதிமுறையில் அப்படி இல்லையே."

"கேக்கக் கூடாதுன்னு இருக்கா?"

தணிகாசலம் விதிமுறையைப் புரட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதர், முழுவதும் பார்த்தார். "இல்லை" என்றார். பேனாவை மறுபடி திறந்து, "முத்துவடிவு. இந்தக் குருவம்மாளுக்கு ஏதாவது முன்னேற்றம் உண்டா?" என்று கேட்டார்.

"அவளுக்கு என்ன சார் கொறச்சல்? நேத்து உங்க டிரைவர் எங்கன படுத்தாரு?"

"குற்றாலம் போகிற பாதையில் ஏதோ ஒரு வீட்டில் ரூம் எடுத்ததாகச் சொன்னான்."

"அது இவ வீடு. சீசனுக்கு ரூம் விடுதா. 'இங்கு ரூம் கிடைக்கும்'னு போர்டு எழுதுனது யாரு? இவ கைதான். இந்தா, இந்தக் கரும்பலகையில எழுதிப் பழகுன கை. எழுத்து கோணலாத்தான் இருக்கும். ஆனா ரூம் காலி இருக்காது."

குருவம்மாள் எழுந்துவிட்டாள். "ஏட்டி, உனக்கு என்னட்டி வயிறு எரியுது? சார், நீங்க தங்கியிருக்க பங்களாவுல காலையில என்ன சாப்ட்டிய?"

"எதற்கு?"

"சும்மா சொல்லுங்க."

"இட்லி. முட்டை."

"அந்த முட்டை இவ கோழி போட்டது. நாய் நரி தூக்கிட்டுன்னு சொன்னாள்லா? இவ வீட்டுக் கொல்லையைப் போய்ப் பாருங்க. துவைச்சுக் காயப்போட்ட மாதிரி வெள்ளை வெளேர்னு கெடக்கும். அம்புட்டும் வெள்ளைக் கோழி. பங்களாவுக்கு முட்டை, புரோட்டாக் கடைக்கு முட்டை, பஸ் ஏத்திச் செங்கோட்டைக்கு முட்டை. இவ புருசன் மண்வெட்டியைத் தொடுதது கெடையாது, கூடையைச் சொமக்கதுதான் அவருக்கு வேலை."

"என் புருசனை ஏன்ட்டி இழுக்க?"

"நீ என் போர்டை இழுக்கலையா?"

தணிகாசலம் இரண்டு சுழியத்தையும் அடித்து ஒன்பது ஒன்பது போட்டார். ஹைருன் பீவி பக்கம் திரும்புவதற்குள் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "தென்காசி போலீஸ்காரங்கள்ல பாதிப் பேரு போட்டுருக்க கால்சட்டை இவ தச்சது சார்."

"பாதி ஒண்ணும் இல்லக்கா" என்றாள் ஹைருன் பீவி.

"பாதி இல்லையென்றால் எவ்வளவு?" என்று கேட்டார் தணிகாசலம்.

ஹைருன் பீவி தலையைக் குனிந்துகொண்டாள். "அல்லா வச்ச அளவு சார்."

அதன் பிறகு அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி வீட்டில் ஓலையை எடுத்து ஓடு போட்டதும், ஒருத்தி பெண்ணுக்கு நகை எடுத்ததும், ஒருத்தி மாமியார் இப்போதெல்லாம் மெதுவாகப் பேசுவதும் தானாகவே வந்து விழுந்தன. அவருக்கு எழுதக் கை வலித்தது. கடைசியில், "இந்த ஆவுடைத்தாய்?" என்றார்.

குருவம்மாளும் முத்துவடிவும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அவளா? நல்லாப் படிப்பா சார்."

இரண்டாவது சுற்றில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான்.

சராசரி எட்டே முக்கால் வந்தது. தணிகாசலம் டீச்சருக்குக் கை கூப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று சாயந்திரம் மேலகரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் நெடி வந்தால் கண் படவில்லை, நெடி வராவிட்டால் பட்டிருக்கிறது என்று கணக்கு. தங்கள் வீட்டில் துளி நெடிகூட வரவில்லை என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். தெருவில் போனவர்கள் இருமிக்கொண்டே போனார்கள்.

ஆடி பிறந்ததும் உத்தரவு வந்தது. மூடப்பட்டது வீரகேரளம்புதூர். மேலகரம் முதலிடம். மாதக் கடைசியில் ஒரு அதிகாரி வந்து தலை எண்ணுவார், வருகை மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

ஞானபாக்கியம் உத்தரவைப் படித்துவிட்டு வகுப்பைப் பார்த்தாள். ஆவுடைத்தாய் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆய்வு நடந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஊர் முழுக்க ஒருத்தியோடு ஒருத்தி பேச்சில்லை. ஒருத்தி போகிற இடத்துக்கு இன்னொருத்தி போவதில்லை. எல்லோரும் போகிற இடம் காலேஜ் என்பதால் காலேஜுக்கு யாருமே போவதில்லை.

"எல்லாரும் எங்க ஆவுடைத்தாய்?"

"கோவத்துல இருக்காவ டீச்சர்."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"என்னையப் பத்தி நல்லதாத்தான சொன்னாவ."

மறுநாள் காலையில் ஞானபாக்கியம் குடையை எடுத்துக்கொண்டு குருவம்மாள் வீட்டுக்குப் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

"குருவம்மா."

"நான் வீட்டுல இல்ல டீச்சர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லாட்டிப் பரவாயில்ல. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். முத்துவடிவு ரெண்டாம் புத்தகம் ஆரம்பிச்சிட்டா."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"யாரு?"

"முத்துவடிவு."

"எப்ப?"

"நேத்து."

"காலேஜுக்கு வந்தாளாக்கும்? என்கிட்ட அவ அந்தப் பக்கமே எட்டிப் பாக்கதில்லன்னு சொன்னாவளே."

ஞானபாக்கியம் குடையை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள், நாற்பது வயசு வரை கூசாமல் பொய் சொல்லிப் பழகாதவள். அடுத்த தெருவில் முத்துவடிவு வீட்டுக் கொல்லைக்குப் போனபோது இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. ஹைருன் பீவி வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நடை கொஞ்சம் வேகமாகியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு நிறைந்துவிட்டது. ஒருத்தி முகம் பார்த்து ஒருத்தி உட்காரவில்லை. அத்தனை பேருக்கும் முதுகைத் திருப்ப இடம் போதாததால் குருவம்மாளும் முத்துவடிவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும்படி ஆயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள்.

"ரெண்டாம் புத்தகமாம்லா" என்றாள் குருவம்மாள், கூரையைப் பார்த்து.

"ஆமா, நீ எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதோ?" என்றாள் முத்துவடிவு, தரையைப் பார்த்து.

"நான் எங்கட்டி எடுத்தேன்? நீதான நேத்தைக்கு முந்தியே ஆரம்பிச்சிட்ட."

"யாரு சொன்னா?"

"டீச்சர்தான்."

"என்கிட்ட நீ ஆரம்பிச்சிட்டன்னு சொன்னாவ."

"அக்கா, என்கிட்ட நீங்க ரெண்டு பேரும்னு சொன்னாவளே" என்றாள் ஹைருன் பீவி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்புறம் மொத்த வகுப்பும் டீச்சரைப் பார்த்தது.

ஞானபாக்கியம் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வந்திருக்கிறதா என்று நின்று பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் எல்லாருமா ஆரம்பிக்கப் போறீங்க. நான் கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன்" என்றாள்.

முத்துவடிவுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி குருவம்மா, டீச்சர் ரொம்ப முன்னேறிட்டாவ."