காட்டோரம் கொட்டிய சோறு

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஓசூர் கம்பெனி கேன்டீனின் பின்வாசலில் முனிராஜின் மினி வேன் வந்து நிற்கும். சாம்பார் சோறு, புளிச்சோறு என்று மிஞ்சியதையெல்லாம் நீலக் கவர்களில் கட்டி ஏற்றுவார்கள். மத்திகிரி தாண்டி இருக்கும் பன்றிப் பண்ணையில் இறக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் வண்டி நேராக அவன் ஊர்ப்பக்கம் போகும். ஊருக்கு முன்னால் காட்டோரம் ஒரு பள்ளம். அதில் கவரோடு கவராகத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனசுக்காரன்தான். முதலில் மான்கள் வந்து தின்றன. பிறகு குட்டியோடு ஒரு தாய் யானை வந்தது. மனைவி மாதேஸ்வரியைக் கூட்டிப்போய் வேனுக்குள்ளிருந்தே காட்டினான்.

"பாத்தியா புள்ள, எப்படி ஆசையா திங்குது! வாயில்லா சீவனுக்குப் போட்டா நம்மளுக்குத்தான் புண்ணியம்."

புண்ணியத்துக்குப் புண்ணியம், டீசலுக்கு டீசல் மிச்சம். யாருக்குக் கசக்கும்?

ராகி அறுப்பு முடிந்ததும், பயிர் மேய வந்திருந்த மற்ற யானைகள் வழக்கம்போலக் கர்நாடகக் காட்டுக்குத் திரும்பிவிட்டன. அந்தத் தாயும் குட்டியும் மட்டும் போகவில்லை. உப்பும் புளியும் பழகிய நாக்கு ஆயிற்றே! கம்பெனிக்கு லீவு விட்டுப் பள்ளம் காலியாகக் கிடந்தபோது, விடியற்காலையில் தாய் யானை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஊர்க்கோடியில் இருக்கும் மாரம்மா வீட்டு அடுப்படிச் சுவரை முட்டித் தள்ளிச் சோற்றுப் பானையைத் துழாவிவிட்டுப் போனது. மாரம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினாள்.

ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன் கத்தினார்.

"இனிமே பேச்சே இல்ல. மோட்டர் லைன்ல கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் குடுக்கறேன். வந்துச்சுன்னா சாவட்டும்!"

யாரும் மறுக்கவில்லை. வீடு இடிந்து கிடக்கும்போது யாருக்குத்தான் இரக்கம் வரும்? முனிராஜ் மட்டும் சுவரோரம் கிடந்த யானை லத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கேன்டீனின் நீலக் கவர் சுருண்டு கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தத் தாய் வேலியில் செத்துக் கிடக்க, குட்டி பக்கத்தில் நின்று கதறுவதை நினைத்தான். வாய் தானாகத் திறந்தது.

"அண்ணா, ஆனை மேல தப்பில்ல. கேன்டீன் சோத்தக் கொண்டாந்து கொட்டி நான்தான் பழக்கிவிட்டேன்."

"அடப்பாவி! மாரம்மாக்கா செத்திருந்தா என்னாடா பண்ணியிருப்ப?" ஆஞ்சப்பன் அடிக்கவே பாய்ந்துவிட்டார்.

மாரம்மாதான் குறுக்கே வந்தாள். "உடு ஆஞ்சப்பா. இவன அடிச்சா செவுரு எந்திரிச்சி நிக்குமா? டேய் முனிராஜு, செவுர நீயே கட்டிக் குடு. மொதல்ல அந்தப் பள்ளத்த வழிச்சிப் போடு."

"அக்கா சொல்றதுக்காக விடறேன்," என்றார் ஆஞ்சப்பன். "இன்னொரு வாட்டி ஊருக்குள்ள கால் வெச்சுச்சுன்னா கரண்டுதான்."

அன்றைக்கே முனிராஜும் மாதேஸ்வரியும் பள்ளத்தில் இறங்கினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அழுகிய சோற்றையும் கவர்களையும் சாக்கு சாக்காக அள்ளி, நகராட்சிக் குப்பைக் கிடங்கில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

பள்ளத்தில் தாயும் குட்டியும் நின்றன. முனிராஜ் வேனைத் தள்ளியே நிறுத்தினான். தாய் வெறும் மண்ணைத் துதிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. குட்டி அதன் காலுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. மாதேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"பசியோட நிக்குது மாமா. டிபன் பாக்ஸ்ல இருக்கறதயாச்சும் வெச்சிட்டு வரட்டா?"

அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறக்கப் போன அவள் கையைப் பிடித்துக்கொண்டான். யானை ஊர்ப்பக்கம் திரும்பி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, மேட்டிலிருந்த மூங்கிலை முறித்து வாயில் போட்டுக்கொண்டு, குட்டியோடு காட்டுக்குள் ஏறிப் போனது.

"போயிடுச்சே! நம்ம மேல கோவமா இருக்குமா மாமா?"

"இருந்தா இருக்கட்டும். உசுரோட இருக்குதில்ல?" முனிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காட்டுக்கு நாம சோறு போட வேணாம் புள்ள. நம்ம குப்பைய அதுங்க வாயில போடாம இருந்தாலே போதும், அதுங்க பொழச்சிக்கும்."