குடை அட்டை

வகுப்பில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வேகமெல்லாம் கூச்சத்தால் வந்தது. பாடம் நடத்தும்போது அவள் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை ஓர் அமைதி இருக்கும். அப்போது எல்லாக் கண்களும் தன்மேல்தான் என்று அவளுக்குத் தோன்றும். தாங்க முடியாமல் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திப் பழகும் நாட்களில், கூடப் படிக்கிறவர்களே நாலு வயதுக் குழந்தைகளாக உட்கார வேண்டும். நெட்டைத் தோழி ஒருத்தி கட்டைவிரலை வாயில் வைத்தபடி தரையில் சம்மணம் போட்டிருந்தாள். எக்ஸ்பிரஸ் பட அட்டையைத் தூக்கினாள்.

"இது என்ன? பூனை. பூனை எப்படிக் கத்தும்? மியாவ்."

"டீச்சர், எங்க ஸ்டாப்ல நிக்கவே இல்லையே," என்றாள் நெட்டை. வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

"குழந்தைக்கும் வாய் இருக்கும்மா. கேட்டுட்டு நில்லு. அடுத்த மாசம் நிஜப் பள்ளிக்கூடத்துல பரீட்சைப் பாடம். அங்கயும் இப்படி ஓடினா, திரும்ப ஒரு வருஷம் படிக்க வேண்டியதுதான்."

பழகிப் பார்க்க வீட்டிலேயே ஒரு மாணவர் இருந்தார். அப்பா. பஸ் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து இறங்கிவிடுவான் என்பார்கள். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒருசேர வாரிக்கொண்டு போயிருந்தது. புத்தியில் குறையில்லை. சொல்தான் வாய்வரை வந்து சேரவில்லை. படம் காட்டிப் பெயர் கேட்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். அவள் அட்டைகள் இரண்டு வேலைக்கும் ஆயின.

"இது என்னப்பா?"

அப்பாவின் உதடு கோணும். கழுத்து நரம்பு புடைக்கும். "கு... கு..."

"குடைப்பா."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அவர் வாயிலேர்ந்து பிடுங்காதடி," என்று சமையலறையிலிருந்து அம்மா சொல்வாள். "வரும்போது வரட்டும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்க மெல்ல மெல்லப் பழகினாள். ஒரு நாள் "ஆடு" முழுசாக வந்தது. அப்பாவே திகைத்துப்போய் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கட்டின பொண்டாட்டியை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஆட்டைக் கூப்பிடறாரு பாரு."

அப்பாவுக்குச் சிரிப்பில் கண் நிறைந்தது. குடை மட்டும் வரவே இல்லை.

இரண்டாம் முறை வாதம் அடித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் திறந்தது. சத்தம் கிளம்பி, நின்றது. மறுபடியும் கிளம்பியது. பழகியதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"தண்ணியாப்பா? தலைகாணி சரி பண்ணவா? அம்மாவைக் கூப்பிடவா?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மணிக்கட்டை விட்டார். அந்த அறையில் ஜன்னல் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய் முடிவதற்குள் பரீட்சைப் பாடம் வந்துவிட்டது. சின்ன நாற்காலிகள், மூக்கு ஒழுகும் முகங்கள், பின்வரிசையில் விரிவுரையாளர். பூனை, கோப்பை, ஆடு என்று அட்டைகள் ஒழுங்காகப் போயின. கடைசியாகக் குடை.

"இது என்ன?"

"குடை!" கூரை அதிர்ந்தது.

அவள் அட்டையை இறக்கவில்லை. நின்றாள். குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஒரு பையன் தலையைச் சாய்த்துப் படத்தைச் சரிபார்த்தான். முன்வரிசைச் சிறுமிக்குப் பொறுமை போயிற்று.

"டீச்சர், நாங்கதான் சொல்லிட்டோமே."

"ஆமாம்மா, சொல்லிட்டீங்க," என்றாள். அட்டையை இறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே வராந்தாவில் விரிவுரையாளர் அவள் தோளைத் தட்டினார். "தேறிட்டம்மா. எவ்வளவு அழகா நிக்கக் கத்துக்கிட்ட."

வீட்டில் அம்மா தட்டை எடுத்துவைத்தாள். அப்பாவின் கட்டில் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தியிருந்தது.

"என்னடி ஆச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். தொண்டையில் ஏதோ கிளம்பி, நின்றது. பாஸா, ஃபெயிலா என்று அம்மா கேட்கவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.