ரெண்டாவது விளக்கு

பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. தொட்டியம் ரெங்கராஜுக்கு அது வந்து நாற்பது வருஷம் ஆகிறது. பெரியப்பா மகன் அம்மாசியின் தோட்டத்தில் ஒரு வாழைத்தார் பெருத்துத் தொங்கினால் போதும், இவருக்குச் சோறு இறங்காது.

இப்போது கல் வேறு வந்துவிட்டது. உலகப் போர் சமயத்தில் ஒரே பட்டாளத்து விமானங்கள் இரண்டு ஊருக்கு மேலே மோதிக்கொண்டன. ஒன்று அம்மாசி வயலில் விழுந்தது, மற்றது ரெங்கராஜ் வயலில். ஓட்டிய இருவருமே பிழைக்கவில்லை. திருச்சியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் இருதயமேரி பழைய காகிதங்களைத் துருவி, இரண்டு பேர் பெயரையும் பொறித்து, நினைவுக்கல் கொண்டுவந்தார். ரோட்டோரம் என்பதால் அதை அம்மாசி வயலில் நட்டுவிட்டார்.

"விழுந்தது ரெண்டு. கல்லு மட்டும் அவருக்கா?" என்று ரெங்கராஜ் வீட்டுக்குள் பொருமினார். ஆடி அமாவாசைக்கு அம்மாசி தன் வயலில் இரண்டு அகல் ஏற்றுவதே இவருக்குப் பொறுக்காது. அங்கே விழுந்தவன் ஒருத்தன், விளக்கு ரெண்டா? எல்லாம் பவுசு.

கல் திறப்பு நாளில், இறந்த ஒருவரின் தங்கை மகள் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். ரெங்கராஜ் தன் வயலில் விமானம் விழுந்த இடத்தில் இருக்கும் மாட்டுத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்த அதன் இறக்கைத் தகட்டைக் கழுவித் தலையில் சுமந்து வந்து, கல்லுக்கு முன்னால் போட்டார். அதிலிருந்த எண்ணை இருதயமேரி தன் நோட்டில் ஒத்துப் பார்த்தார்.

"இது இவங்க மாமா ஓட்டுனதுதாங்க. அவர் விழுந்தது உங்க வயல்லதான்."

ரெங்கராஜுக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாசியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாள் தகட்டைத் தடவியபடியே இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இருதயமேரி தமிழில் சொன்னார்.

"அவர் விழுந்த இடத்துல யாராச்சும் ஒரு பூவாவது வெச்சீங்களான்னு கேக்குறாங்க."

அந்த இடத்தில் மாடு தண்ணீர் குடித்தது என்றா சொல்ல முடியும்? ரெங்கராஜ் வெட்கத்தில் தரையைப் பார்த்தார்.

அம்மாசிதான் வாயைத் திறந்தார். "வருஷா வருஷம் விளக்கு ஏத்துறோம்னு சொல்லுங்க டீச்சர். ஒண்ணு எங்க வயல்ல விழுந்தவருக்கு, இன்னொண்ணு தம்பி வயல்ல விழுந்தவருக்கு. அவங்க ஏத்தலைன்னாலும் நாம ஏத்தணும்னு எங்கப்பா சொல்லுவாரு."

அந்த அம்மாள் அம்மாசியைப் பார்த்துக் கைகூப்பினார். ரெங்கராஜுக்கு வெட்கம் போய் மறுபடி வயிறு எரிந்தது.

"அண்ணே, அந்த ரெண்டாவது விளக்க இனிமே நான் ஏத்திக்கிறேன்."

"தாராளமா ஏத்து தம்பி. நாங்க எப்பவும்போல ரெண்டு ஏத்துவோம்."

"அப்ப நானும் ரெண்டு ஏத்துவேன்" என்றார் ரெங்கராஜ்.