வண்டிக்காரர் காளியப்பன்

தோட்டத்திலிருந்து லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் மாட்டுவண்டியை ஓட்டுகிறவன் காளியப்பன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எல்லோரையும் கூலி என்பார். கணக்கெழுதும் கிராணி தனக்குக் கீழே உள்ளவர்களைக் கூலி என்பார். காளியப்பன், ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர்களைக் கூலி என்பான். தன்னை யாராவது அப்படிச் சொன்னால் மட்டும், "நான் வண்டிக்காரன்!" என்று மீசையை முறுக்குவான். மீசை என்னவோ நாலு முடிதான்.

பால்வெட்டும் வெள்ளையம்மாமேல் அவனுக்கு உயிர். ஆனால் பெண் கேட்கப் போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"கூலி வீட்டுல பொண்ணு எடுக்கறேன். பெரிய மனசு வேணும்ல?"

"அவர வண்டியையே கட்டிக்கச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து வெள்ளையம்மாவின் பதில் வந்தது. பாவி, ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தான்.

அடுத்த சனிக்கிழமை மழை. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டி சேற்றில் புதைந்தது. இடதுபக்க மாடு படுத்தேவிட்டது. சரக்கு ரயிலைத் தவறவிட்டால் வண்டி வேறொருவன் கைக்குப் போய்விடும். பால் வாளிகளோடு வெள்ளையம்மாவும் மூன்று பெண்களும் அந்த வழியே வந்தார்கள்.

"ஏ கூலிப் பொம்பளைங்களா, வந்து தள்ளுங்க!"

ஒருத்தியும் அசையவில்லை.

"இங்க கூலி யாருமில்ல. எங்களுக்குப் பேரு இருக்கு" என்றாள் வெள்ளையம்மா.

காளியப்பனுக்கு அவள் பேரைத் தவிர வேறு பேர் தெரியாது. ரயில் தூரத்தில் ஊதியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் போய், "அக்கா, உங்க பேரு என்னக்கா?" என்று கேட்டான். தனலெட்சுமி, செல்வராணி, சந்திரமதி. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வாளியை இறக்கினார்கள்.

"பின்னால நாங்க தள்றோம். முன்னால யாரு இழுக்கறது?" என்றாள் வெள்ளையம்மா.

படுத்த மாட்டை அவிழ்த்துவிட்டு, அதன் இடத்தில் காளியப்பன் கழுத்தைக் கொடுத்தான். கழுத்துப் பாரம் இறங்கியதும் மாடு எழுந்து, தோட்டம் சுற்றிப்பார்க்கும் துரை மாதிரி சாவகாசமாகப் பின்னால் நடந்து வந்தது.

வண்டி ஸ்டேஷனை எட்டியதும் ஸ்டேஷன் கிராணி அம்பிகைபாகன், யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் பொத்தானைப் போட்டபடி ஓடிவந்தார்.

"எட கூலி! ரயில் வெளிக்கிடப் போகுது! கெதியா இறக்கு!"

'நான் வண்டிக்காரன்' என்று சொல்லக் காளியப்பன் வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. கழுத்தில் நுகத்தடியும் முழங்கால்வரை சேறுமாக நிற்கிறவன் எந்த முகத்தோடு அதைச் சொல்லுவான்? அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

வெள்ளையம்மா முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கூலி இல்லீங்கய்யா. பேரு காளியப்பன். எங்க வீட்டு மாப்பிள்ளை."

பெண்கள் சரக்கை இறக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை நுகத்தடியிலிருந்து கழுத்தை எடுக்கவே மறந்து நின்றான்.