முசே ராமலிங்கத்தின் மீட்டர்

கலைவாணனிடம் ஒரு குணம் உண்டு. சும்மா கொடுக்கிற பொருளை அவன் நம்பமாட்டான். எலெக்ட்ரிக் கார் வாங்கியபோது ஷோரூமில் கூடவே ஒரு சார்ஜிங் வயரும் கொடுத்தார்கள். வீட்டில் பதினைந்து ஆம்ப் பாயிண்ட் ஒன்று இருந்தால் போதும், படுக்கப் போகும்போது மாட்டினால் விடிவதற்குள் வண்டி தயார். சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வர அது தாராளம். ஆனால் சும்மா வந்த வயராயிற்றே!

எலெக்ட்ரீஷியன் அய்யப்பன் வாசல் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். "பதினஞ்சு ஆம்ப் பாயிண்ட் ஒண்ணு, தனியா வயரு, நல்லதா ஒரு எர்த்து. அவ்ளோதான் சார். ஒரு நாள் வேல."

"செவுத்துல மாட்டுற சார்ஜர் பெட்டி இருக்கே, ஏழு கிலோவாட்டு. நாலஞ்சு மணி நேரத்துல ஏத்திடுமாமே?"

"ஏத்தும். ராத்திரில நீங்க எங்க சார் போவப் போறீங்க?"

ஒரு மாதமாகப் பார்த்த யூடியூப் வீடியோவெல்லாம் கலைவாணனுக்குள் உட்கார்ந்துகொண்டு பெட்டி, பெட்டி என்றன.

அவன் மனைவி மாலாவும் தடுத்துப் பார்த்தாள். அந்த வாடகை வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுப் பதினான்கு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள். முதலியார்பேட்டையில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். "ரோட்டப் பாத்த ரூமு. இத வுட்டா எனக்குத் தொழிலு இல்ல. வூட்டு ஓனரு பிரான்சுல இருக்காரு. நம்ம நெனப்பு அவருக்கு வராம இருந்துக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

நியாயமான பேச்சு. பத்து வருஷமாக வாடகை ஏறவில்லை. அந்தத் தொகைக்கு இன்று மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

பெட்டி வேண்டுமென்றால் வீட்டுக்கு லோடு, அதாவது கரண்டு ஆபீஸ் அனுமதித்த மின் அளவு, கூட்ட வேண்டும். கரண்டு ஆபீஸ் அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "மீட்டர் ராமலிங்கம்ங்கிற பேர்ல இருக்குங்க. அவரு கையெழுத்து வேணும்."

ராமலிங்கம் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கிய மனிதர். பிரெஞ்சு மரியாதையோடு தெருவில் இன்றைக்கும் அது முசே ராமலிங்கம் வீடுதான். மூத்த மகன் இராமதாஸ் பாரிஸ் பக்கம் இருக்கிறார், வாடகை அவருக்குத்தான் போகிறது. மகள் சிவசங்கரி ரெயூனியன் தீவில். இளையவர் எங்கே இருக்கிறார் என்று அண்ணனுக்கே சரியாகத் தெரியாது.

இந்த இடத்திலாவது அவன் விட்டிருக்கலாம். விட்டானா? பாரிசுக்குப் போன் போட்டான். இராமதாஸ் தங்கமான மனிதர். "தாராளமா போட்டுக்குங்க. பேப்பர் எல்லாம் நீங்களே ரெடி பண்ணுங்க, எங்க கையெழுத்து வேணுமோ போடுறோம்" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நகராட்சியில் இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், பழைய பிரெஞ்சுப் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு, பத்திர ஆபீஸில் வில்லங்கச் சான்றிதழ். காணாமல் போன இளையவரை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்து அவர் கையெழுத்தையும் வாங்கினான். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று மாலா பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரித்தான்.

ஒருவழியாக மீட்டர் பேர் மாறியது, லோடு ஏறியது, அய்யப்பன் பெட்டியை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கலைவாணன் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பாரிசிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. மாலாவும் கேட்கட்டும் என்று மெஷின் மேல் போனை வைத்துப் போட்டான்.

"கலைவாணன், மெர்சி. ரொம்ப மெர்சி. அப்பா போனதுலேருந்து அந்த வீட்டு பேப்பர் சிக்கலாவே கெடந்துது. மூணு பேரும் ஒண்ணா கையெழுத்து போடறது நடக்காதுன்னு விட்டுட்டோம். நீங்க நடத்திட்டீங்க. எல்லாம் க்ளியர் ஆயிடுச்சு இல்ல, இனிமே வச்சிருந்து என்ன பண்றது, வித்துடலாம்னு தங்கச்சி சொல்லுது. ஞாயித்துக்கெழம ஒருத்தர் வந்து பாப்பாரு. காலி பண்ண மூணு மாசம் டைம் எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான் நாங்க நன்றி சொல்லணும்."

கோபப்படுவதற்குக்கூட அந்தக் குரலில் இடம் இல்லை. திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சினான். "எனக்குப் புரியுது கலைவாணன், பாவம்தான்" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதற்கு மேல் எதைப் பேசுவது? மாலா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் ஊசியில் நூலைக் கோத்து, பாதியில் விட்ட கைத்தையலை மறுபடி எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்க வந்தவர் முதலில் பார்த்தது பெட்டியைத்தான். "அட, நானும் இந்த மாதிரி வண்டிதான் சார் புக் பண்ணியிருக்கேன்! லோடு எல்லாம் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு சார். எர்த்து தனியா அடிச்சிருக்கு. மழத் தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது." தன் வாயிலிருந்து அது வருவதைக் கலைவாணன் கேட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தத் தெரியவில்லை. எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்பதையும் சொன்னான்.

வந்தவர் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த ரூம இடிச்சிட்டா காரு உள்ள வந்துடும் இல்ல?" என்று பாக்கெட்டைத் தடவினார். "சே, டேப் எடுத்துட்டு வரலியே."

இரண்டு பேரும் மாலாவின் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஜாக்கெட் அளக்கிற டேப் அஞ்சு அடிதான். "இந்த மொனைய கொஞ்சம் புடிங்க சார்" என்றார் அவர். கலைவாணன் குந்தி உட்கார்ந்து சுவரோடு அழுத்திப் பிடித்தான். ஒவ்வொரு அஞ்சு அடிக்கும் அடையாளம் வேண்டுமே, மாலா துணியில் குறி போடும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். ரெண்டு கோடு ஆயிற்று. மூன்றாவதற்கு மெஷின் குறுக்கே நின்றது.

"இத நகத்தினாத்தான் சார் அளவு சரியா வரும்."

கலைவாணன் எழுந்து மெஷினைத் தூக்கினான். தனியாகத் தூக்க முடியவில்லை. மறுபக்கத்தை மாலா பிடித்தாள்.