புகையிலைக் கஷாயமும் நேசையனின் வலது காலும்

ஐம்பத்து நாலாம் வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, செல்லபாயின் ரோஜாத் தொட்டியிலிருந்த செடிப்பேன்கள் ஒற்றை வரிசையில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, வேலிப்படலைத் தாண்டி விளவங்கோடு தாலுகாவுக்குள் போயின. பாறசாலைக்குத் தெற்கே அவள் வீட்டுப் படலோடு நெய்யாற்றின்கரைத் தாலுகா முடிகிறது. வெளியே கால் வைத்தால் அடுத்த தாலுகா. பேன்கள் அவசரப்படவில்லை. சந்தையில் அன்று மரச்சீனிக் கிழங்கு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

மருந்தில் மாயம் ஒன்றும் கிடையாது. புகையிலைத் தண்டை ஒருநாள் ஊறப்போட்டு, பார் சோப்பைச் சீவிக் கரைத்து, வேப்பெண்ணெயும் அரைத்த பூண்டும் சேர்த்து, பழந்துணியில் வடிகட்டி, ஒன்றுக்கு ஆறு தண்ணீர் விட்டு, வெயில் ஏறுமுன் இலையின் அடிப்பக்கமாக ஈர்க்குமாறால் தெளிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். தண்டு மட்டும் அவள் கணவன் நேசையன் வெற்றிலைக்கு வாங்கும் புகையிலையில் கழித்துப் போட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே வரும்படி அதுதான்.

அடுத்த மாதமே ஊருக்கு விஷயம் பிடிபட்டது. பிறர் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிற எதன்மேல் பட்டாலும் அது எழுந்து போய்விடும். பக்கத்து வீட்டு விலாசினி வெண்டைக்குத் தெளித்தபோது, ஒருநாள் விருந்துக்கு வந்து இரண்டு வருடமாகத் தங்கிவிட்ட அவள் கொழுந்தன்மேல் நாலு துளி தெறித்தது. பாதிச் சோற்றில் எழுந்தவன் கைகூடக் கழுவாமல் வெள்ளறடை பஸ்ஸில் ஏறிப் போனான். பண்டிகைக்குத் தொட்டிச் செடிகள் கொண்டுவரலாம், மருந்து தெளித்தது மட்டும் வேண்டாம், முன்பெஞ்சு காலியாகிவிடும் என்று சபைப் போதகர் செல்லபாயிடம் தன்மையாகச் சொன்னார்.

அப்போது எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஊர் தமிழோடு சேரவேண்டும் என்று ஒரு சங்கம், மலையாளத்தோடு இருக்கவேண்டும் என்று ஒரு சங்கம். ஜனமோ ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசி மரச்சீனி விற்றுக்கொண்டிருந்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் ரெத்தினதாஸ் ஒரு குடம் மருந்து வாங்கிப்போய், எதிர்ச் சங்க மேடையில் தெளிக்க ஆள் ஏவினார். தன் மேடையும் அதே மைதானத்தில் இருப்பதை மனுஷன் யோசிக்கவில்லை. பொழியூர்ப் பக்கமிருந்து கடற்காற்று அடித்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா? இரண்டு மேடைகளிலிருந்தும் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் எல்லோரும் மாலையைக்கூடக் கழற்றாமல் ஒற்றை வரிசையில் இறங்கி, திருவனந்தபுரம் சாலையில் வடக்கே நடந்தார்கள். ஒருவரையொருவர் முந்தவில்லை, ஊருக்கு அதுதான் ஆச்சரியம். பிற்பாடு பலருக்கு அங்கேயே பதவி கிடைத்ததாகக் கேள்வி. தமிழ்ச் சங்கச் செயலாளர் நேசையன் மட்டும் தப்பினான். அந்நேரம் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து செல்லபாய் ஈர்க்குமாறைத் தொடவில்லை. நேசையன் பகலெல்லாம் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மனு எழுதுவான். அவள் லேஸ் பின்னி விற்று அவனுக்குச் சோறு போட்டாள். ஒரு துளி தெறித்தால் ஆள் போய்விடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போகட்டுமே என்றது ஊர். ஊருக்கு என்ன! விஷக்காய்ச்சலில் அவள் கிடந்த இருபத்தொரு நாளும் மனுக்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, அழுக்குத் துணி அலக்கிப் போட்டவன் அவன். அவன் இல்லாத வீட்டை அவளால் நினைக்க முடியவில்லை. பேன்களுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, அடுத்த தாலுகாவிலிருந்து திரும்பி வந்தன.

ரோஜா முக்கால்வாசி காய்ந்தபோது நேசையனே கேட்டான்.

“எட்டீ, செடி சாவுது. மருந்து தெளிக்காம என்னத்தப் பாத்துட்டு இருக்க?”

“நீங்க பக்கத்துல இருக்கியள்லா. எனக்குப் பேடியாக்கும்.”

“என்ன பயம்? நான் பூச்சியா?”

செல்லபாய் நாற்காலியோடு அவனைத் தொட்டியிலிருந்து நகர்த்தப் பார்த்தாள். செயலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூலையில் மூடி வைத்திருந்த மருந்துப் பானையைத் தூக்கித் தன் தலைவழியே கவிழ்த்துக்கொண்டான். அவள் ஐயோ என்று ஓடிவருமுன் இடது கால் கிளம்பிவிட்டது. அவனை இழுத்துக்கொண்டு போய்ப் படலுக்கு வெளியே ஊன்றியது. வலது கால் உள்ளே நின்றது, நின்றதுதான். ஊரே கூடி இழுத்தும் இரண்டும் அசையவில்லை. தெறித்த மருந்துக்குச் செடிப்பேன்கள் இறங்கி, அவன் கால்களுக்கு நடுவே வரிசையாகப் போயின.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி, தாலுகா எல்லை மாநில எல்லையாயிற்று. விளவங்கோடு சென்னைக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. இரு தரப்பு அதிகாரிகளும் வந்து, சென்னைக்காரர் இடது காலையும் கேரளக்காரர் வலது காலையும் எழுதிக்கொண்டு போனார்கள். சங்கம் கேட்டதில் தனக்குப் பாதி கிடைத்துவிட்டதென்று நேசையன் குடைக்குக் கீழே நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

விலாசினிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அக்கா, இன்னொரு பானை ஊத்தினா மற்ற காலும் போவும். உங்களுக்கும் ஒரு வழியாவும்.”

“வேண்டாம் விலாசினி. போன காலு சங்கத்துக்குள்ளதாக்கும். நின்ன காலு எனக்குப் போதும்.”

மறுநாள் தொட்டிகளையெல்லாம் அந்தக் காலைச் சுற்றி நகர்த்தி வைத்தாள். நின்ற இடத்திலிருந்தே நேசையன் தண்ணீர் ஊற்றினான். வெயில் ஏறுமுன் மருந்தும் அவனே தெளித்தான். துளி பட்டால் இடது கால் கொஞ்சம் உதறும். அவ்வளவுதான்.