தும்மல் பிடித்த நிலம்

சலூன்காரரின் நிலம் முதன்முதலாகத் தும்மியபோது, அன்று காலை நட்ட கத்தரி நாற்றுகள் அத்தனையும் பக்கத்துக் கோழிப்பண்ணையின் தகரக் கூரையில் போய் விழுந்தன. கோழிப்பண்ணைக்காரர் ஏணி வைத்து ஏறி, நாற்றுகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டுவந்து கொடுத்து, "உங்க நிலத்துக்கு உடம்பு சரியில்லபோல. பாத்துக்குங்க, என் கோழிங்க பயந்துபோய் முட்டைய நிறுத்திடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போடவில்லை. அந்த வட்டாரத்தில் அதுவரை எந்த நிலமும் தும்மியதில்லைதான். ஆனால் சலூன்காரர் படுத்திய பாட்டுக்கு அது தும்மலோடு விட்டதே பெரிது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மனுஷர் வாழ்நாள் முழுக்கக் கத்தியும் கையுமாக இருந்தவர். கடையை மூடிவிட்டு, மனைவி வழியில் வந்த அந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் தொழில் புத்தி போகவில்லை. ஒரு புல் தலைகாட்டினால் போதும், கை பரபரக்கும். முதலில் டிராக்டரை நீளவாக்கில் ஓட்டுவார், அது நேர் சவரம். பிறகு குறுக்குவாக்கில் ஓட்டுவார், அது எதிர் சவரம். அறுவடை முடிந்து நிற்கிற பயிர்த்தாளைக் கொளுத்திவிடுவார். கடைசியில், முகத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாவனையில் களைக்கொல்லியை அடித்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். நிலம் மொழுமொழுவென்று இருக்கும். வழியில் போகிறவர்கள் "என்ன சுத்தம், என்ன சுத்தம்" என்று மெச்சுவார்கள். மெச்சினவர்களுக்கு என்ன, போய்விட்டார்கள். மேல்மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ரோட்டுக்கு ஓடியது, மூட்டை மூட்டையாக உரம் போட்டும் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தும்மல்.

தும்மலில் அதிகம் அடிபட்டது அவர் மனைவி. தையலம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். நிலம் தும்மினால் வீடு குலுங்கும், வீடு குலுங்கினால் ஊசி ஓடிவிடும். ஒரு சட்டையின் இடது கை முதுகில் போய் உட்கார்ந்தது. ஒரு கால்சட்டைக்கு மூன்று கால் முளைத்தது, வாங்கினவர் பெரிய மனசு பண்ணி அதையும் போட்டுக்கொண்டார். ஆனால் தையலம்மாவுக்கு மனசு ஆறவில்லை. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, உங்க சவரத்து மேலதான் கோபம். தும்மல் நின்னதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்." சலூன்காரருக்கு உலகமே இருண்டுபோனது. தையலம்மா இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே முடி வெட்டி வெட்டி, மொட்டையாகிவிட்டார்.

மாட்டு டாக்டர் வந்து, குப்புறப் படுத்து, குழாயை மண்ணில் வைத்துக் கேட்டார். "சளியெல்லாம் இல்லண்ணே. குளிருது. மேல ஒரு துணி இல்லாம வெயில்லயும் பனியிலயும் கெடந்தா உங்களுக்கு மட்டும் தும்மல் வராதா? போத்திவிடுங்க. சும்மா சும்மா கிளறாதீங்க. டிராக்டர் சாவிய எங்கிட்ட குடுங்க." சலூன்காரர் சொன்னதை அப்படியே செய்கிற ஆள். வீட்டுப் போர்வைகளையும், கடையில் கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணிகளையும் நிலம் முழுக்க விரித்து, ஓரத்தைச் செருகியும் விட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, வைக்கோல், இலைதழை என்று விளக்குவதற்குள் நிலம் பருத்தித் துணிகளைத் தின்றுவிட்டிருந்தது. நைலான் போர்வையை மட்டும், சின்னப்பிள்ளை தட்டில் பிடிக்காத காயை ஒதுக்குவதுபோல வரப்போரம் ஒதுக்கிவைத்திருந்தது.

பிறகு வைக்கோல் போர்த்தினார். பயறு, சோளம், எள், முள்ளங்கி என்று கைக்கு வந்ததையெல்லாம் கலந்து விதைத்தார். அவை கன்னாபின்னாவென்று வளர்வதைப் பார்க்கச் சகிக்காமல், கொஞ்ச நாள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் பாய்ச்சினார். ஆட்டுக்காரர் மந்தையை மேயவிட்டுப் புழுக்கை போடவைத்தார். ஆடுகள் வெட்டின வெட்டில் பின்பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தது, சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சேதி கேள்விப்பட்டு மண்புழுக்கள் வரிசையாக ரோட்டைக் கடந்து வந்தன, போலீஸ்காரர் விசில் ஊதி லாரிகளை நிறுத்தி வழிவிட்டார். வருஷங்கள் போயின. மண் கறுத்தது, பொலபொலத்தது, சதை போட்டது. நிலம் ஒரு முழம் உயர்ந்ததில் கேட்டைத் திறக்க முடியாமல் அடியை அறுக்கவேண்டி வந்தது. பெய்த மழையை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. உரக்கடைப் பக்கம் போகாமலே கத்தரி காய்த்துத் தள்ளியது. மழை பொய்த்த வருஷத்திலும் ஈரம் காயவில்லை, அந்தப் புண்ணியத்தில் கோழிப்பண்ணைக் கிணறும் ஊறியது.

வாரம் தவறாமல் சலூன்காரர் கூடை நிறையக் காயோடு மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்பார், தையலம்மா உள்ளேயிருந்தே கேட்பார்.

"நின்னுடுச்சா?"

"கொறஞ்சிருக்கு."

"கொறஞ்சா பத்தாது. சின்னத் தும்மல், பெரிய தும்மல்னு ஊசிக்குத் தெரியுமா?"

ஒருநாள் தையலம்மாவே, "ஞாயித்துக்கிழமை வர்றேன், கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார். சலூன்காரருக்குச் சந்தோஷத்தில் புத்தி கெட்டது. வருகிறவள் கட்டின மனைவி, நிலமோ பரட்டைத் தலையோடு நிற்கிறது! டாக்டரிடம் ஏதோ பொய் சொல்லிச் சாவியை வாங்கி, ஞாயிறு காலையில் ஓரமாக ஒரே ஒரு கோடு இழுத்தார். பத்தடி போவதற்குள் அந்தப் பஞ்சு மண் டிராக்டரை விழுங்கிவிட்டது. ஸ்டியரிங்கும் சலூன்காரரின் கழுத்தும் தலையும்தான் வெளியே. பின்னால் கோடு போட்ட இடம் வெறும் மேனியாகக் கிடந்தது. நிலம் மூக்கை உறிஞ்சியது. "ஆ... ஆ..." என்று இழுத்தது. கேட் திறக்கிற சத்தமும் கேட்டது.

"தாயே, தும்மிடாத! அவ வந்துட்டா! இனிமே உன்மேல கத்தி வெச்சேன்னா என் கைய முறிச்சுடு!" என்று கதறினார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை வெளியே இல்லை.

தையலம்மா கணவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, கிழிசலைச் சேர்ப்பவர்போல இரண்டு பக்க வைக்கோலையும் இழுத்துக் கோட்டை மூடினார். "ஆ..." மெல்ல இறங்கி ஒரு பெருமூச்சானது. பிறகு அடியிலிருந்து கொர்ர்ர் என்று கிளம்பியது.

"என்னங்க சத்தம் இது?"

"குறட்டை" என்றார் சலூன்காரர், எல்லாம் போச்சு என்ற முகத்தோடு.

"குறட்டையா? உங்ககூட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணவளுக்குக் குறட்டை என்ன புதுசா? எந்திரிச்சு வாங்க, வண்டியிலேர்ந்து மெஷின எறக்கணும்."

சலூன்காரரைத் தோண்டி எடுத்ததோடு சரி, டிராக்டரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை, அதன்மேல் பூசணி படர்ந்துவிட்டது. தையலம்மாவின் தையல் மறுபடி கோடு போட்டதுபோல ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சலூன்காரரும் நிலமும் ஒரு தூக்கம் போடுவார்கள். சத்தம் அதிகமானால் தையலம்மா முதலில் கணவரை ஒரு தட்டுத் தட்டுவார். அப்படியும் நிற்காவிட்டால் ஜன்னலைத் திறந்து, "இந்தா, திரும்பிப் படு" என்பார். நிலமும், மேலே கிடக்கிற வைக்கோல் விலகாமல், திரும்பிப் படுத்துக்கொள்ளும்.